கள்ளிச்சொட்டு: வீட்டுக் காப்பியும் அதன் பாத்திரங்களும்

கும்பகோணத்துக்குச் சற்றுத் தொலைவில், அரசலாற்றங்கரையில் இருந்த எங்கள் பழைய வீட்டில், பொழுது விடிவதற்கு வெகு நேரம் முன்பே, நாலரை மணிக்கெல்லாம் அடுக்களையில் ஓர் ஓசை எழும். பித்தளையின்மேல் பித்தளை அமரும் அந்த மெல்லிய ஓசையைத் தொடர்ந்து, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர் சன்னமான தாரையாக விழும் ஒலியும், மூடியைக் கவிழ்க்கும் ஒலியும் கேட்டு, பிறகு எல்லாம் அடங்கிவிடும். அந்த நிசப்தம் ஏறக்குறைய அரைமணி நேரம் நீடிக்கும். அப்பாயி ஃபில்டருக்குப் பக்கத்தில் மணையைப் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடியபடி உட்கார்ந்திருப்பாள். தூங்குகிறாள் என்று எண்ணிக்கொண்டு நான் ஒருநாள் மெல்லப் போய், டிகாக்ஷன் சீக்கிரம் இறங்கட்டும் என்ற ஆவலில் ஃபில்டரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். கண்ணைத் திறக்காமலேயே, "தட்டாதடா தம்பி, அது தானா எறங்கும்" என்றாள்.

காப்பி போடும் கலையைப் பற்றிப் பின்னாளில் நான் படித்தவை, கேட்டவை, கண்டவை யாவும் அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதப்பட்ட உரைகளாகவே எனக்குத் தோன்றுகின்றன.

நல்ல டிகாக்ஷனுக்குத் தஞ்சாவூர்ச் சீமையில் 'கள்ளிச்சொட்டு' என்று ஒரு பெயர் உண்டு. வேலியோரத்துக் கள்ளியின் கிளையைக் கிள்ளினால், காயத்தின் வாயில் பால் உடனே ஒழுகிவிடாமல், திரண்டு, கனத்து, தயங்கி நின்று, பிறகே ஒரு சொட்டாக விழும். அந்தப் பால் வெளுப்பு, டிகாக்ஷனோ கறுப்பு. ஆகவே உவமை நிறத்தைக் குறித்ததன்று. சொட்டின் கனத்தையும் அது விழுவதற்கு எடுத்துக்கொள்ளும் அவகாசத்தையும் ஒருங்கே சுட்டுவதற்கு, காப்பி இந்த மண்ணுக்கு வந்து வெகு காலம் ஆகிவிடாத நிலையிலேயே, யாரோ ஒரு கிராமத்து மனிதர் வேலிக் கள்ளியிடம் போய் இந்தச் சொல்லைப் பெற்று வந்திருக்கிறார். கனமும் தாமதமும் வேறு வேறல்ல என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

காப்பிக் கொட்டை எங்கே விளைந்தது, எவ்வளவு வறுக்கப்பட்டது என்பவற்றைப் பற்றி நாம் மணிக்கணக்கில் விவாதிக்கிறோம், அவை முக்கியமானவைதாம். ஆனால் வீட்டுக்குப் பொடி வந்து சேர்ந்த பிறகு மிஞ்சி நிற்கும் கேள்வி ஒன்றே ஒன்று: நீரும் பொடியும் எவ்வளவு நேரம் கூடியிருக்க வேண்டும்? வறுத்த காப்பியின் எடையில் நீரில் கரையக்கூடிய பகுதி நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு; மற்றது வெறும் சக்கை. கரையக்கூடியது எல்லாவற்றையும் கரைத்தெடுத்துவிட்டால் நல்ல காப்பி கிடைக்கும் என்று நினைப்பது பிசகு. முதலில் புளிப்பும் வாசனையும் இறங்குகின்றன. அடுத்து இனிமையும் திண்மையும். கடைசியில்தான் நாக்கின் அடியில் தங்கும் வறட்டுக் கசப்பு வருகிறது. 18 முதல் 22 பங்கு வரை இறங்கிய நிலையில் நிறுத்திக்கொள்வதே உத்தமம் என்று, 1950களில் அமெரிக்காவில் இவ்விஷயத்தை ஆராய்ந்த பேராசிரியர் எர்னஸ்ட் லாக்ஹார்ட் கணக்கிட்டுச் சொன்னார். சீக்கிரம் நிறுத்தினால் தண்ணீர்ப் புளிப்பு, தாமதித்தால் கஷாயம். ஆக, காப்பிப் பாத்திரம் என்பது அடிப்படையில் ஒரு நாழிகை வட்டிலே. எந்தக் க்ஷணத்தில் நீரையும் பொடியையும் பிரிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்காக மனிதன் செய்துகொண்ட கருவியே அது.

இந்தக் கண்ணோட்டத்தோடு உலகத்துக் காப்பிப் பாத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு தேசமும் அந்த ஒரே கேள்விக்குத் தன் சுபாவத்துக்கு ஏற்ற விடையைச் சொல்லியிருப்பது புலனாகும். காப்பிச் செடியின் தாயகமான எத்தியோப்பியாவில், நீண்ட கழுத்துடைய 'ஜெபெனா' என்ற மண் குடுவையில் பொடியை நீரோடு காய்ச்சி, வண்டலை அடியில் தங்கவிட்டு, அதே பொடியில் மூன்று முறை நீர் ஊற்றி மூன்று சுற்றுகளாக விருந்தினருக்கு வழங்குகிறார்கள். துருக்கியரின் 'ஜெஸ்வே', நீண்ட பிடியுள்ள சிறு செம்பு. மாவைப் போல அரைத்த பொடி அதில் நுரைத்துப் பொங்கும் தருணத்தில் இறக்கப்பட்டு, வண்டலோடு கிண்ணத்துக்குப் போய்விடுகிறது. பிரிக்கும் வேலையை அங்கே பாத்திரம் செய்வதில்லை. குடிப்பவரின் பொறுமை செய்கிறது. அக்காப்பி மரபை 2013இல் யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

நம் ஃபில்டருக்கு நெருங்கிய உறவினர்களைத் தேட வேண்டுமானால் பாரிஸ் நகரத்துக்குப் போக வேண்டும். 1800ஆம் ஆண்டையொட்டி அங்கே வழக்கத்துக்கு வந்த, பேராயர் டி பெல்வாவின் பெயரால் அறியப்படுகிற பாத்திரம், மேலும் கீழுமாக இரண்டு அடுக்குகளைக் கொண்டது. மேலடுக்கின் அடித்தட்டில் பொடித் துவாரங்கள். நீர் தன் பாரத்தால் மட்டுமே பொடியினூடே கீழே இறங்கும். பீரங்கிக் குழாய்களைத் துளையிடும்போது பிறக்கும் வெப்பத்தை ஆராய்ந்து பௌதிக சாஸ்திரத்தில் பெயர் பெற்ற கவுண்ட் ரம்ஃபோர்டு, 1812இல் காப்பியைப் பற்றி ஒரு தனிப் பிரபந்தமே எழுதி, பொடியைச் சமமாகப் பரப்பி அளவாக அழுத்தி வைக்காவிட்டால், நீர் தனக்கு எளிய வழியைத் தேடிக்கொண்டு ஓரிடத்திலேயே ஓடிவிடும் என்று எச்சரித்தார். நம் வீட்டு ஃபில்டரில், நடுவே காம்பு வைத்த குடை போன்ற ஒரு வட்டத் தட்டு பொடியின்மேல் அமர்ந்திருக்கிறதே, அதன் பிரயோஜனத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ் செய்த காரியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆனந்தம் உண்டாகும். வண்டல் கலந்த காப்பியைக் குடித்துச் சலித்துப்போன அந்த அம்மாள், ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துவாரங்கள் போட்டு, பிள்ளையின் பள்ளி நோட்டிலிருந்து மை ஒற்றும் காகிதத்தைக் கிழித்து உள்ளே பரப்பி, அதன்மேல் பொடியை இட்டு வெந்நீர் ஊற்றினாள். 1908இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றாள். இன்று உலகெங்கும் காகிதத்தில் காப்பி வடிக்கும் பழக்கம் அந்த அடுக்களையிலிருந்து கிளம்பியது. காகிதம் வண்டலை மட்டுமல்ல, காப்பியின் எண்ணெய்ப் பசையையும் பிடித்துக்கொள்வதால் அந்தக் காப்பி தெளிந்து, மெலிந்து, கறுப்பாகவே குடிக்கத் தகுந்ததாகிறது. பாலைத் தாங்குகிற வலு அதற்கில்லை. இத்தாலியர் காத்திருக்க ஒருப்படாமல், நீராவியின் துணையை நாடினார்கள். 1933இல் அல்ஃபோன்ஸோ பியாலெத்தி உருவாக்கிய எண்கோண அலுமினியப் பாத்திரம், கீழ் அறையில் கொதிக்கும் நீரை நீராவியின் அழுத்தத்தாலேயே பொடியினூடே மேலே தள்ளிவிடுகிறது. நாலைந்து நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். அந்தப் பாத்திரத்தை இத்தாலியின் வீடுதோறும் கொண்டுசேர்த்த அவருடைய மகன் ரெனாத்தோ 2016இல் காலமானபோது, அவருடைய அஸ்தியைப் பெரியதொரு காப்பிப் பாத்திரத்திலேயே இட்டு அடக்கம் செய்தார்கள். ஒரு பாத்திரத்தின்மேல் ஒரு மனிதர் வைத்த பிரியத்துக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்!

வியட்நாமியர் தம்ளரின் தலையில் உட்காரவைக்கும் 'ஃபின்' என்ற சின்னஞ்சிறு உலோக வடிகட்டி, நம் ஃபில்டருக்கு உடன்பிறந்த தம்பியே என்னலாம். அவர்களும் இறங்கிய கனத்த சாற்றில் கெட்டிப் பாலைக் கலக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் பெயரால் வழங்கினாலும் 1929இல் இத்தாலியரான கலிமானி காப்புரிமை பெற்ற அழுத்துக் குடுவையும், 1941இல் ஷ்லும்போம் வடித்த 'கெமெக்ஸ்' என்ற கண்ணாடிக் கூஜாவும் சிறந்தவைதாம். எனினும் அவை நம் கதைக்குச் சற்று விலகி நிற்பவை.

நம் கதை மலையில் தொடங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற இஸ்லாமியப் பெரியவர், ஹஜ் யாத்திரையிலிருந்து திரும்புகையில் அரேபியாவின் மோக்காத் துறைமுகத்திலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது ஐதிகம். அந்த மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலத் தோட்டக்காரர்கள் குடகிலும், நீலகிரியிலும், சேர்வராயன் மலையிலும், பழனி மலையிலும் காடு வெட்டிக் காப்பி பயிரிட்டபோது, அந்தக் காட்டை வெட்டியவர்களும் கொட்டையைப் பறித்தவர்களும் பெரும்பாலும் சமவெளியிலிருந்து பஞ்சத்தால் பெயர்ந்த ஏழைகள். கொட்டை கப்பலேறிப் போயிற்று. இலங்கையிலும் அவ்வாறே மலையேறிய தமிழர்களின் உழைப்பில் தழைத்த காப்பித் தோட்டங்கள், 1869இல் தென்பட்ட இலைத்துரு நோயால் சில ஆண்டுகளில் அழிந்து தேயிலைத் தோட்டங்களாக மாறின. இந்தக் காலத்துக்குப் பிறகே, நீராகாரம் குடித்து விடிந்த தமிழ்நாட்டு வீடுகள் ஒவ்வொன்றாகக் காப்பி குடித்து விடியத் தொடங்கின. அந்த மாறுதலையும் அதற்கு எழுந்த எதிர்ப்புகளையும் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தம் நூலில் ஆ. இரா. வேங்கடாசலபதி ஆராய்ந்திருக்கிறார். இரண்டாம் உலக யுத்தம் ஐரோப்பியச் சந்தையை அடைத்துவிட்டபோது, 1942இல் சட்டத்தின் மூலம் நிலைபெற்ற காப்பி வாரியம், உள்நாட்டிலேயே காப்பியைப் பரப்புவதற்குப் பெருமுயற்சி செய்தது.

ஃபில்டர் வருவதற்கு முன் வீட்டில் காப்பி எப்படிப் போட்டார்கள்? கொதிக்கும் நீரில் பொடியைப் போட்டு, மூடி வைத்து, தெளிந்ததும் இறுத்துக்கொள்வது ஒரு முறை. வெள்ளைத் துணியில் பொடியை இட்டு, வெந்நீரை அதன்மேல் வார்த்து வடிப்பது மற்றொரு முறை. தென்பாண்டி நாட்டில் கருப்பட்டியோடு சேர்த்துக் காய்ச்சி, துணியில் வடிக்கும் வழக்கம் இன்றும் போய்விடவில்லை. யாழ்ப்பாணத்தில் 'கோப்பி' என்பார்கள். வளவில் நின்ற செடியின் கொட்டையை, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து, இடித்து, சுடுநீரில் இட்டுக் குடிப்பார்கள். மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன நம்மவர்களோ, நீண்ட கம்பிப் பிடியில் தொங்கும் துணிப் பையினூடே உயரத்திலிருந்து வார்க்கும் கோப்பியைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். துணியின் குறை ஒன்றுதான்: எவ்வளவு அலசினாலும் பழைய எண்ணெய் அதில் தங்கி, நாளடைவில் புதுக் காப்பியிலும் பழைய வாடையை ஏற்றிவிடும். உலோக ஃபில்டர் வீட்டுக்குள் வந்த உடனேயே துணி வெளியேறியதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இனி ஃபில்டருக்கு வருவோம். அது நான்கு உறுப்புகள் கொண்டது: கீழடுக்கு, அடியில் துவாரங்களோடு கூடிய மேலடுக்கு, குடைத் தட்டு, மூடி. இவ்வளவு எளிய கருவியை இவ்வளவு பேர் தவறாகப் பயன்படுத்துவது எனக்கு வருத்தம் தருகிறது. ஆகையால் அப்பாயி செய்த முறையை அப்படியே எழுதிவைக்க விரும்புகிறேன்.

மேலடுக்கையும் கீழடுக்கையும் முதலில் வெந்நீர் விட்டு அலம்பி, துளி ஈரமும் இல்லாமல் துடைப்பாள். சூடு ஏறிய பாத்திரம் டிகாக்ஷனின் சூட்டைத் திருடாது; ஈரம் இல்லாத தட்டில் பொடி ஒட்டிக்கொண்டு துவாரத்தை அடைக்காது. பிறகு, கைவிரலால் தொட்டால் ரவையைவிட நைந்தும் மாவைவிடத் திரண்டும் இருக்கிற பொடியை, நாலு பேருக்கு ஆறு கரண்டி என்ற கணக்கில் இட்டு, பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிச் சமன் செய்து, குடைத் தட்டை வைத்து, விரலின் பாரம் மட்டும் படும்படி அழுத்துவாள். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அழுத்தம் போதாவிட்டால் நீர் ஐந்து நிமிஷத்தில் ஓடிவிடும், டிகாக்ஷன் வெறும் கலங்கல் நீராக இருக்கும். அதிகம் அழுத்திவிட்டாலோ ஒரு சொட்டும் இறங்காமல், விடிந்த பிறகும் வீடு காத்துக்கிடக்கும். நீர் தளதளவென்று கொதித்து, அடுப்பிலிருந்து இறங்கி, மேலே எழுந்த குமிழிகள் அடங்கும் வரை பொறுத்திருந்து, முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் வட்டமாக வார்ப்பாள். அப்போது தட்டின் ஓரத்தில் பொடி மெல்லப் பொருமி எழுந்து, சிறு சிறு கொப்புளங்கள் வெடிக்கும். வறுக்கும்போது கொட்டைக்குள் சிறைப்பட்ட கரியமில வாயு வெளியேறும் காட்சி அது. பொடி புதியது என்பதற்கு அதைவிட நற்சாட்சி இல்லை. வாயு வெளியேறாமல் மொத்த நீரையும் கவிழ்த்தால், பொடியினுள் நீர் புக இடமிராது. ஒரு நிமிஷம் கழித்துத்தான் மீதி நீர்.

அதன்பின் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பொடி தன் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீரைத் தானே உண்டுவிடும், மீந்ததுதான் இறங்கும். ஆகவே 30 கிராம் பொடிக்கு 160 மில்லி நீர் விட்டால் கிடைப்பது 100 மில்லி. தட்டுவதாலோ குடையை அமுக்குவதாலோ பொடியின் நுண்துகள்கள் நகர்ந்து துவாரங்களில் போய் அடைத்துக்கொள்ளும். வேகப்படுத்த நினைத்த கை தாமதத்தையே உண்டாக்கும். அப்பாயி என்னைத் தடுத்ததன் நியாயம் அதுதான்.

இந்தத் தாமதத்துக்குச் சிக்கரியும் ஒரு காரணம். சிக்கரி, நீலப்பூப் பூக்கும் ஒரு செடியின் வேர். குஜராத்தின் ஜாம்நகர்ப் பக்கத்தில் பெருவாரியாகப் பயிராகிறது. நெப்போலியன் காலத்து யுத்தத் தடைகளால் காப்பி கிடைக்காமல் தவித்த பிரெஞ்சுக்காரர் அதை வறுத்து அரைத்துக் காப்பியாகப் பாவித்த கதை பிரசித்தம். சிக்கரியைக் கலப்படம் என்று ஏசுவோர் ஒரு சாரார். அது இல்லாமல் காப்பியே இல்லை என்போர் மற்றொரு சாரார். நான் இரண்டு கட்சியிலும் சேர்ந்தவனல்லன். காப்பியைவிட மிக எளிதில் நீரில் கரையும் இயல்புடைய அந்த வேர், ஈரம் பட்டதும் ஊறிப் பருத்து, பொடியின் இடைவெளிகளைச் சுருக்கி, நீரின் ஓட்டத்தைக் கட்டுகிறது. டிகாக்ஷனுக்குக் கருமையும் கனமும் கொடுத்து, பாலோடு கலக்கும்போது நிறம் மங்காமல் காக்கிறது. நூற்றுக்குப் பத்து அல்லது பதினைந்து பங்கு சேர்த்தால் அது காப்பிக்குத் தோள் கொடுக்கிறது. சட்டமோ, கலவையில் காப்பி 51 பங்குக்குக் குறையக் கூடாது என்று மட்டுமே விதிக்கிறது. அந்த எல்லை வரை போய்விட்ட பொட்டலங்களைக் காப்பி என்று சொல்லி விற்பது, வாங்கும் ஏழைக்குச் செய்யும் அநியாயம் என்றே கருதுகிறேன். மேலட்டையில் அச்சிட்டிருக்கும் விகிதத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். கொட்டையில் அராபிகாவின் மணமும் ரொபஸ்டாவின் காரமும் இரண்டுக்கு ஒன்றாகச் சேர்வது நல்லது. ஒரு பழத்தில் இரு பருப்புக்குப் பதிலாக ஒன்றே உருண்டு விளையும் பீபரியைப் பலர் போற்றுகிறார்கள். உருண்டையானதால் வாணலியில் புரண்டு எல்லாப் பக்கமும் ஒரே சீராக வறுபடுகிறது என்பதே அதன் மெய்யான பெருமை.

எவர்சில்வர் வந்து பித்தளையை அடுக்களையிலிருந்து பரணுக்கு ஏற்றிய காலத்தில், எங்கள் வீட்டு ஃபில்டரும் ஒரு கோணிப்பைக்குள் போய்விட்டது. சென்ற ஆண்டு வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அது அகப்பட்டது. மேலடுக்கின் உட்பக்கத்தில் ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிந்தது. அப்படிப்பட்ட பாத்திரத்தில் காப்பியின் புளிப்புப் பட்டால் களிம்பேறிவிடும், குடிப்பது தேகத்துக்குக் கேடு. ஆகையால் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு கும்பகோணத்துக்குப் போய், ஈயம் பூசுகிறவர் ஒருவரை விசாரித்துக் கண்டுபிடித்தேன். முன்பெல்லாம் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். இப்போது தேடித்தான் போக வேண்டியிருக்கிறது.

பெரியவர் மேலடுக்கை வாங்கி, முதலில் வானத்தை நோக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "நூத்துக்கு மேல கண்ணு இருக்குதுங்க ஐயா; இருபது கண்ணு குருடாயிருக்கு. கையால போட்ட கண்ணு இது, இப்ப யாரு போடறாங்க" என்றார். பிறகு புளியும் மணலும் இட்டுத் தேய்த்து, கழுவி, கரி அடுப்பின் துருத்தியைச் சுழற்றி, பாத்திரத்தை இடுக்கியால் பிடித்துக் கங்கின்மேல் திருப்பித் திருப்பிக் காட்டினார். சூடு பதமானதும் ஒரு சிட்டிகை நவச்சாரத்தை உள்ளே தூவ, வெள்ளைப் புகை குபீரென்று எழுந்தது. வெள்ளீயக் குச்சியின் நுனியை இரண்டிடத்தில் தொட்டார். அது பாதரசம் போல் உருண்டது. அடுத்த க்ஷணம் கையிலிருந்த பஞ்சால் அதை ஒரே வீச்சில் சுழற்றித் துடைக்க, மஞ்சளாக இருந்த உட்புறம் முழுவதும் நிலவு படிந்தாற்போல் வெளுத்துவிட்டது. உருகிய ஈயம் துவாரங்களில் தங்கி அடைத்துவிடாதபடி, சூடு ஆறுவதற்குள் பாத்திரத்தைக் கவிழ்த்து மரக்கட்டையில் சுண்டித் தட்டி, மிஞ்சியவற்றை ஊசியால் ஒவ்வொன்றாகத் திறந்தார். மறுபடியும் வானத்தை நோக்கிப் பிடித்து என்னிடம் காட்டினார். அத்தனை கண்ணிலும் வெளிச்சம்.

பித்தளைப் பாத்திரத்தில் இறங்கும் காப்பிக்குத் தனி ருசி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அந்த ருசியை உணர்கிறேன். ஆனால் ஈயம் பூசிய பாத்திரத்தில் பித்தளை காப்பியைத் தொடுவதேயில்லை. உலோகத்துக்கு அந்தப் புகழ் உரியதன்று. கையால் குத்திய அந்தத் துவாரங்களின் நுண்மைக்கும், கனத்த மூடி நன்றாகப் படிந்து உட்காருவதற்கும் உரியது அது. துவாரம் நன்றாக அமைந்த எவர்சில்வர் ஃபில்டரிலும் கள்ளிச்சொட்டு இறங்கும். யாரும் ஏக்கப்பட வேண்டாம். அடைத்துக்கொண்ட எவர்சில்வர் தட்டை அடுப்பின் தணலில் ஒரு நிமிஷம் காட்டினால், உள்ளே இறுகிய பொடி கருகி உதிர்ந்துவிடும்; ஆனால் ஈயம் பூசிய பித்தளையை ஒருபோதும் வெறுந்தணலில் காட்டலாகாது, பூச்சு உருகிவிடும்.

பாலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் சேராத பாலை ஒருமுறை பொங்கவிட்டு, பொங்கிய சூட்டிலேயே டிகாக்ஷனோடு சேர்க்க வேண்டும். கும்பகோணத்தின் 'டிகிரி காப்பி' என்ற பெயரே, பாலின் தரத்தைக் கருவியிட்டு அளந்த பழக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். ஆறிய டிகாக்ஷனை அடுப்பில் நேரே ஏற்றாதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடேற்றுங்கள்.

டபராவையும் தம்ளரையும் பற்றிச் சொல்லும்போது, ஒரு கசப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விளிம்பு மடிந்த அந்தத் தம்ளர், சூடான பானத்தை விரல் சுடாமல் பிடிப்பதற்கும், டபராவில் ஆற்றி நுரை எழுப்புவதற்கும் எவ்வளவு பொருத்தமானதோ, உதடு படாமல் அண்ணாந்து குடிக்கும் ஆசாரத்துக்கும் அவ்வளவு பொருத்தமானது. யாருடைய உதடு பட்ட பாத்திரம் யாருக்கு ஆகாது என்ற கணக்கு, நம் காப்பியோடு நெடுங்காலம் கலந்தே இருந்தது. உணவு விடுதிகளின் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றுவதற்குப் பெரியார் 1957இல் சென்னையில் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளைக் கொடுமை அதற்குப் பின்னும் வெகு காலம் நீடித்தது. காப்பியின் மணத்தை மட்டும் எழுதி இதை விட்டுவிட்டால், நான் எழுதியது பாதிச் சரித்திரமாகிவிடும்.

வீட்டுக்குள்ளேயும் ஒரு படிவரிசை இருந்தது. ஃபில்டரில் முதலில் இறங்கும் கள்ளிச்சொட்டு, தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் வந்த விருந்தாளிக்கும். அதே பொடியில் மறுபடி வெந்நீர் விட்டு இறக்கும் இரண்டாம் டிகாக்ஷன், வெளிறிய நிறத்தோடு, மணம் கழன்று, பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் போகும். எல்லோரும் குடித்து முடித்த பிறகு, ஆறிப்போன அடுப்படியில், மீந்திருக்கும் அந்த இரண்டாம் டிகாக்ஷனில் பாலைக் கொஞ்சமாக விட்டு, அப்பாயி குடிப்பாள். நாலரை மணிக்கு எழுந்து, பொடியை அளந்து, அழுத்தத்தை விரலால் நிதானித்து, அரைமணி நேரம் அதற்குக் காவலிருந்தவள் அந்தக் கள்ளிச்சொட்டை ஒருநாளேனும் ருசி பார்த்தாளா என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நாளும் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தமிழ்நாட்டுக் காப்பியின் கியாதியை நிலைநாட்டிய கைகள் அவை. அந்தக் கைகளுக்குரிய வாய்க்கு இரண்டாவதுதான் கிடைத்தது.

இன்று நீரில் கரைந்து உடனே காப்பியாகும் தூள் இருக்கிறது. ஸ்விட்சைத் தட்டினால் வடித்துத் தரும் யந்திரம் இருக்கிறது. டிகாக்ஷனையே உறையில் அடைத்து விற்கிறார்கள். காலையில் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு அவை பெரும் உபகாரம். அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். எனினும் ஓய்வுள்ள ஒரு காலை வேளையிலாவது பரணிலிருந்து ஃபில்டரை இறக்குங்கள் என்று வேண்டிக்கொள்வேன். வீட்டில் யாரேனும் ஒருவர் எப்போதும் அதற்குக் காத்திருப்பது என்றில்லாமல், முறை வைத்துக் காத்திருங்கள்.

ஈயம் பூசிக் கொண்டுவந்த மறுநாள், வீட்டில் எல்லோருக்கும் முன்பாக எழுந்தேன். பாத்திரத்தைச் சூடேற்றித் துடைத்து, பொடியை இட்டு, குடையை வைத்து, விரலால் அழுத்தினேன். அழுத்தம் சரிதானா என்று நிச்சயப்படவில்லை. நீரை வார்த்து மூடிவிட்டு, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் வரை ஒன்றும் கேட்கவில்லை. கை தட்டத் துடித்தது, தட்டவில்லை. பிறகு கீழடுக்கில் முதல் சொட்டு விழுந்தது, வெகு நேரம் கழித்து மற்றொன்று. முப்பத்தைந்து நிமிஷத்துக்குப் பின் திறந்து பார்த்தபோது, விளிம்பில் சாய்த்தால் சுவரில் படிந்து மெல்ல வழியும் கறுப்பு. முதல் தம்ளருக்குரியதை எடுத்துப் பாலைக் காய்ச்சிக்கொண்டிருக்கையில், உள்ளறையில் விழித்துக்கொண்ட என் மனைவி, நாற்பது வருஷத்துப் பழக்கம் மாறாமல் அங்கிருந்தபடியே குரல் கொடுத்தாள்:

"எனக்குப் பாலைக் கொஞ்சமா ஊத்துங்க, ரெண்டாவதுதானே."